பட்டறைப் பதில்கள்: சுண்ணாம்பு டப்பாவுக்குள் ஒரு பவுன்

கேள்வி: ஐயா, வணக்கம். நான் சுங்கை சிப்புட்டை ஒட்டிய ஒரு தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவள். பால்மரத்தை வெட்டிச் செம்பனை நட்டு, லயங்களையும் இடித்துவிட்டார்கள். இப்போது பட்டணத்தில் தாமான் வீட்டில் இருக்கிறேன். ஆடி மாதம் முனியாண்டி கோயில் பூசைக்குத் தோட்டத்துக்குப் போயிருந்தோம். முதல் நாள் பெய்த மழையில் பழைய லயத்துக்குப் பின்னால் இருந்த கால்வாய்க் கரை சரிந்து கிடந்தது. அங்கே பலாமரத்து வேருக்கு அடியிலிருந்து என் பேரன் ஒரு பித்தளைச் சுண்ணாம்பு டப்பாவை எடுத்து வந்தான். பச்சை பிடித்து மூடி இறுகிப்போயிருந்தது. மகன் ஸ்குரூ டிரைவரால் நெம்பித் திறந்தான். காய்ந்த சுண்ணாம்புக்குள் மூன்று சதுரக் காசும் ஒரு பதக்கமும் இருந்தன. பதக்கத்தின் நடுவில் ஒரு பவுன் காசு. ஒரு பக்கம் ராஜா தலை, மறுபக்கம் குதிரைக்காரன், கீழே 1918. சுற்றிலும் எட்டுச் சிவப்புக் கல், சில கறுத்துவிட்டன. மகன், "நூறு வருசத்துக்கு மேலான நகை" என்கிறான். பெரியம்மாவோ, "ஜப்பான்காரனுக்குப் பயந்து யாரோ புதைத்தது" என்று அடித்துச் சொல்கிறார். இது எந்தக் காலத்து நகை? நல்ல தங்கமா, நல்ல கல்லா? நாங்களே வைத்துக்கொள்ளலாமா? எலுமிச்சையும் ஆப்பச்சோடாவும் போட்டு ஊறவைத்தால் பளிச்சென்று ஆகிவிடும் என்கிறார்கள், செய்யலாமா?

- ஒரு வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: ஊறவைக்காதீர்கள், அம்மா. மற்றதெல்லாம் அப்புறம்.

உங்கள் கடிதம் வந்ததும் இதழ் அலுவலகம் மூலம் அந்த ஒரு வரியைத்தான் முதலில் சொல்லி அனுப்பினேன். நீங்களும் கழுவாமல், டப்பாவோடு, சுண்ணாம்போடு, பழைய துண்டில் சுற்றி என் பட்டறைக்கே கொண்டு வந்தீர்கள். அதற்கு நான் நன்றி சொல்ல வேண்டும். கண்டெடுத்த நகை என்று என்னிடம் வருவதில் பாதி, பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்து, வாயில் இருந்ததையெல்லாம் கழுவிவிட்ட சாட்சியாகத்தான் வந்து நிற்கும்.

ஊறவைத்தால் என்ன ஆகும் என்பதை நான் சொந்தக் கையால் தெரிந்துகொண்டவன். எனக்குப் பத்தொன்பது வயது. அப்பா ஈப்போவுக்குப் போயிருந்த நாளில், ஒரு வீட்டம்மா கொடுத்திருந்த பழைய கல் அட்டிகையைப் பூந்திக்கொட்டைத் தண்ணீரில் போட்டு அடுப்பில் ஏற்றிவிட்டேன். வெறும் பொன் நகையை அப்படித்தான் சுத்தம் செய்வோம், இதற்கும் அதுதானே என்று நினைப்பு. கொதித்து இறக்கிப் பார்த்தால் கல் அத்தனையும் கரி. பழைய கட்டுவேலையில் கல்லுக்குப் பின்பக்கம் திறப்பு கிடையாது. மூடிய குழிக்குள் ரேக்கு என்ற பளபளக்கும் மெல்லிய தகட்டை வைத்து அதன்மேல் கல்லைப் பதித்து, ஓரத்தை அழுத்திவிடுவார்கள். கல்லில் நாம் பார்க்கும் ஒளியில் பாதி அந்த ரேக்கு கொடுக்கும் ஒளி. உள்ளே ஈரம் போனால் ரேக்கு கறுக்கும், கல் செத்ததுபோல் ஆகும். அப்பா வந்து பார்த்தார். திட்டவில்லை. நாற்பத்திரண்டு கல்லையும் பெயர்த்து, நாற்பத்திரண்டு ரேக்கு வெட்டி, மறுபடி என்னையே கட்ட வைத்தார். பதினொரு நாள் ஆனது.

உங்கள் பதக்கத்திலும் அதே கதைதான். கறுத்தவை மூன்று கல். கல்லில் குற்றம் இல்லை, அடியில் இருக்கும் ரேக்கில்தான் குற்றம். மண்ணுக்குள் கிடந்தபோது ஈரம் புகுந்திருக்கிறது. எலுமிச்சையில் போட்டிருந்தால் மிச்சம் ஐந்தும் போயிருக்கும்.

இனி வயது. உங்கள் மகன் சொன்னதை எடுத்துக்கொள்வோம். காசில் 1918 என்று இருப்பது உண்மை. ஆனால் அது காசு பிறந்த ஆண்டு, நகை பிறந்த ஆண்டு இல்லை. இன்றைக்கு நான் ஒரு புதுக் கூடு செய்து அதற்குள் விக்டோரியா ராணி காசைப் பதித்தால், அந்த நகை ராணி காலத்து நகை ஆகிவிடுமா? காசு ஒன்றை மட்டும் உறுதியாகச் சொல்லும்: இந்த நகை 1918-க்கு முன்னால் இப்போதிருக்கும் உருவத்தில் இருந்திருக்க முடியாது. நகைக்கு வயது பார்க்கும்போது அதில் இருப்பதிலேயே இளையது எது என்று தேடவேண்டும். மூத்ததைப் பிடித்துக்கொண்டு தொங்கக்கூடாது. பலரும் செய்வது அதைத்தான், ஏனென்றால் மூத்தது கேட்க நன்றாக இருக்கும்.

இருந்தாலும் அந்தக் காசை விட்டு உடனே நகர எனக்கு மனம் வரவில்லை. குதிரையின் காலடியில், டிராகனுக்குக் கீழே ஒரு தரைக்கோடு இருக்கிறது பாருங்கள். அந்தக் கோட்டில், 1918-க்கு நேர் மேலே, ஆங்கில 'ஐ' எழுத்து ஒன்று எறும்புத் தலை அளவுக்கு இருக்கிறது. அது பம்பாயில் அடித்த பவுன் என்பதற்கு அடையாளம். லண்டன் காசுச்சாலையின் கிளை ஒன்று பம்பாயில் இருந்து பவுன் அடித்தது அந்த 1918-இல் மட்டும்தான். சிட்னியில் அடித்ததில் 'எஸ்', மெல்போர்னில் 'எம்', பெர்த்தில் 'பி' என்று இருக்கும். லண்டனில் அடித்ததில் எழுத்தே இருக்காது. நாம் எட்டு கிராமை ஒரு பவுன் என்று சொல்வதே இந்தக் காசால் வந்த வழக்கு. காசின் சரியான எடை 7.98 கிராம், 22 காரட், அதாவது இன்று கடையில் 916 என்று முத்திரை போடும் அதே மாற்று. சேர்ந்த கலப்பு செம்பு என்பதால் பவுன் காசில் ஒரு சிவப்புச் சாயல் இருக்கும்.

உங்கள் பதக்கத்தின் கூட்டைப் பாருங்கள், அதில் அந்தச் சிவப்பு இல்லை. இளமஞ்சள். செம்போடு வெள்ளியும் கலந்தால் அந்த நிறம் வரும். உரைகல்லில் கூட்டின் ஓரத்தை மட்டும் லேசாக இழுத்தேன். காசை உரசவில்லை, உரசினால் காசுக்கு மதிப்புக் குறையும். பிறகு உங்கள் முன்னிலையில்தானே ஈப்போவில் தெரிந்த கடை ஒன்றின் எக்ஸ்ரே கருவியில் வைத்தோம். நூற்றுக்குத் தங்கம் எத்தனை என்று பார்த்தால், காசு 91-க்கு மேல் காட்டியது, கூடு 83-க்குப் பக்கத்தில், அதாவது 20 காரட் அளவில், நின்றது. என் கல்லும் அந்த இயந்திரமும் ஒத்துப்போனதில் எனக்கு ஒரு சின்னச் சந்தோஷம், மறைக்கவில்லை. (அந்தக் கருவி மேல்தோலைத்தான் படிக்கும். முலாம் பூசிய நகையை நல்ல நகை என்று அது சொல்லிவிடக்கூடும். அதனால்தான் கல்லில் இழுத்த பிறகு அங்கே போனோம்.) ஆக, நல்ல தங்கம்தான். பத்தரை மாற்று என்று பாட்டு வேண்டுமானால் பாடலாம். நகையில் 20 காரட்டே நல்ல தங்கம்.

கூட்டில் முத்திரை எதுவும் இல்லையே என்று கேட்டீர்கள். அந்தக் காலத்தில் நம் பட்டறைகளில் முத்திரை போடும் வழக்கம் இல்லை. பத்தரின் பெயர்தான் முத்திரை. முத்திரை இல்லாததை வைத்துப் பழையது என்றோ போலி என்றோ முடிவு கட்டக்கூடாது. இது கையால் செய்த கூடு. ஓரத்தில் ஓடும் மணிகளைப் பூதக்கண்ணாடியில் எண்ணினேன், ஒன்றுபோல் ஒன்று இல்லை. அச்சில் அடித்திருந்தால் எல்லாம் ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள்போல் இருந்திருக்கும். காசுக்கு நெருப்புக் காட்டாமல், நான்கு நகங்களால் பிடித்து நிறுத்தியிருக்கிறார். காசின்மேல் பற்றவைக்கும் பொடி வைத்து நெருப்பு ஊதாத அந்தப் பத்தருக்கு என் கும்பிடு.

கற்கள். ஏழு ஒரு சாதி, ஒன்று வேறு சாதி. ஏழையும் பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டும் லென்ஸில் சாய்த்துப் பார்த்தால், உள்ளே மெல்லிய கோடுகள் இசைத்தட்டின் வரிபோல் வளைந்து ஓடுகின்றன. இரண்டில் காற்றுக் குமிழும் இருக்கிறது. மண்ணில் விளைந்த மாணிக்கத்தில் கோடு இருந்தால் நேராக இருக்கும், கோணத்தில் மடங்கும், வளையாது. வளைந்தால் அது உலையில் விளைந்த கல். வெர்னாய் என்ற பிரெஞ்சுக்காரர், பொடியை நெருப்புச் சுடரின் வழியாக உதிர்த்துச் சொட்டுச் சொட்டாகக் கல் வளர்க்கும் முறையை 1902-இல் வெளியே சொன்னார். அதன் பிறகு செயற்கைச் சிவப்பு உலகமெங்கும் பரவியது. வேதியியலின்படி அதுவும் மாணிக்கம்தான், கடினமும் அதே கடினம். கண்ணாடி என்று ஏளனமாகப் பேசவேண்டாம். கண்ணாடி அந்த எட்டாவது கல். அதன் பட்டை விளிம்புகள் தேய்ந்து மழுங்கியிருக்கின்றன, மற்ற ஏழும் இன்னும் கூர்மையாக இருக்கின்றன. ஒரு கல் விழுந்து, அந்த இடத்தில் அகப்பட்டதை வைத்து அடைத்திருக்கிறார்கள்.

இப்போது பதக்கத்தைத் திருப்புங்கள். முன்பக்கம் ஊருக்காகச் செய்தது. எனக்கு வேண்டிய செய்தியெல்லாம் பின்பக்கத்தில்தான் இருக்கும்.

அங்கே மூன்று தழும்பு. இடப்பக்கம் ஒரு கீல், வலப்பக்கம் ஊசி நுனியைப் பிடிக்கும் சின்னப் பூட்டு, உச்சியில் ஒரு வளையம். அதாவது இது பதக்கமாகப் பிறக்கவில்லை. சேலைத் தோளில் குத்தும் புரூச்சாகப் பிறந்தது. ஊசியை வெட்டி எடுத்துவிட்டு, மேலே வளையம் வைத்துப் பதக்கமாக்கியிருக்கிறார்கள். அந்தப் பூட்டு கவனிக்கவேண்டியது. பழைய புரூச்சில் வெறும் கொக்கிதான் இருக்கும், ஊசி அதில் போய் உட்காரும், அவ்வளவுதான். கொஞ்சம் அசைந்தால் கழன்று விழும். இதில் இருப்பது ஊசி நுனியின் மேல் சுழன்று மூடும் பாதுகாப்புப் பூட்டு. அது முதல் உலகப் போரை ஒட்டிய ஆண்டுகளுக்குப் பிறகு பரவலானது. காசின் 1918, கல்லின் 1902, பூட்டின் காலம் மூன்றும் சண்டையில்லாமல் ஒரே திசையைக் காட்டுகின்றன.

கீலின் துளை முட்டை வடிவத்துக்குத் தேய்ந்திருக்கிறது. ஊசி பல வருடம் திறந்து மூடியதால் வந்த தேய்மானம். ஆனால் மேலே உள்ள வளையத்தின் உட்பக்கத்தில் சங்கிலி ஓடிய பள்ளம் இல்லவே இல்லை. புரூச்சாக நீண்ட நாள், பதக்கமாகக் கொஞ்ச நாள். கூடு 1920-களிலோ 1930-களிலோ செய்தது என்பது என் கணிப்பு.

அந்த வளையம் எனக்கு வயிற்றெரிச்சல். அதை ஈயப்பற்று வைத்து ஒட்டியிருக்கிறார்கள். சைக்கிள் கடையிலோ வாளி அடைக்கிறவரிடமோ செய்த வேலை. பத்தர் யாரும் பொன்னுக்குப் பக்கத்தில் ஈயத்தை விடமாட்டார். பொன்னில் ஈயம் இருக்கும்போது சூடு காட்டினால் ஈயம் பொன்னைத் தின்று குழி பறிக்கும், பொன் நொறுங்கும். பின்னால் நீங்கள் யாரிடம் பழுது பார்க்கக் கொடுத்தாலும், "ஈயம் இருக்கிறது, முழுதாகச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் ஊதவேண்டும்" என்று வாய்விட்டுச் சொல்லிக் கொடுங்கள். ஆனால் அந்தக் கெட்ட வேலையும் ஒரு செய்தி சொல்கிறது. பத்தரிடம் போக வழியில்லாத, அல்லது கூலி கொடுக்க முடியாத ஒரு சமயத்தில் இது பதக்கமாக மாறியிருக்கிறது.

ஜப்பான் காலம்தான் அந்தச் சமயம் என்று உங்கள் பெரியம்மா சொல்வார். அவர் சொல்வதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆம்பிளைகளைச் சயாம் மரண ரயிலுக்குப் பிடித்துக்கொண்டு போன அந்த வருடங்களில், மண்ணுக்குள் போன நகைகளைப் பற்றி எந்தத் தோட்டத்தில் கேட்டாலும் கதை உண்டு. எங்கள் வீட்டிலும் குமுட்டிச் சாம்பலுக்கு அடியில் அம்மாவின் தோடு கிடந்தது.

ஆனால் டப்பாவுக்குள் பதக்கம் தனியாக இல்லையே, அம்மா. மூன்று சதுரக் காசுகள் கூடவே இருந்தன. நீங்கள் கடிதத்தில் அவற்றை ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போய்விட்டீர்கள். எனக்கு இந்த முழுப் பொருளிலும் விலைமதிப்பில்லாதது அந்தச் செப்புக் காசுகளில் ஒன்றுதான்.

சுண்ணாம்பை மூங்கில் குச்சியால் மட்டும் நீக்கிப் பார்த்தோம். முதல் காசு 1926, ஐந்தாம் ஜார்ஜ், ஸ்ட்ரெய்ட்ஸ் செட்டில்மெண்ட்ஸ் காசு. இரண்டாவது 1940, ஆறாம் ஜார்ஜ், மலாயா காசு. மூன்றாவது அதே ராஜா, அதே மலாயா, சற்றுச் சிறியது. ஆண்டு 1943.

1943-இல் இங்கே ஆண்டது யார்? ஜப்பான்காரன். கையில் புழங்கியது வாழைமரம் போட்ட நோட்டு. அந்த ஆண்டில் ஆங்கிலேய ராஜா தலை போட்ட புதுக் காசு சுங்கை சிப்புட் தோட்டத்தில் ஒரு வெற்றிலை போடும் அம்மாவின் கைக்கு எப்படி வரும்? நாட்டுக்கு வெளியே அடித்து வைத்த காசு அது. 1945 செப்டம்பரில் ஆங்கிலேயர் திரும்பிய பிறகுதான் நம் மடிகளுக்கு வந்தது. மூடி இறுகிய டப்பாவுக்குள், ஒரே சுண்ணாம்புக்குள் அது பதக்கத்தோடு ஒட்டிக் கிடந்தது என்றால், டப்பா கடைசியாக மூடப்பட்டது ஜப்பான்காரன் போன பிறகு.

ஜப்பான் காலத்தில் புதைத்து, பின்னால் எடுத்து, மறுபடி வைத்திருக்கலாமே என்று பெரியம்மா கேட்பார். கேட்கட்டும், அதற்கு இடம் இருக்கிறது. கடைசியாக மூடிய கை எந்தக் காலத்துக் கை என்பதைத்தான் காசு சொல்லும். அந்தச் சதுரக் காசு அறுபதுகள் வரை புழங்கியது. மலேசியாவின் சொந்தக் காசு 1967-இல் வந்தது. டப்பாவில் எலிசபெத் ராணி காசு எதுவும் இல்லை என்பதால் 1950-களின் நடுவுக்கு முன்னால் என்று சொல்ல ஆசையாக இருக்கிறது. ஆனால் மூன்றே காசு உள்ள மடியை வைத்து, இல்லாத காசைச் சாட்சிக்கு இழுப்பது நல்ல பழக்கம் இல்லை. நம் ஊரில் அதற்குப் பிறகும் பயப்படக் காரணத்துக்குப் பஞ்சம் இருக்கவில்லை. 1948 ஜூன் 16-ஆம் தேதி மூன்று துரைமார் சுடப்பட்டு அவசரகாலம் தொடங்கியதே சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டங்களில்தான். லயத்தைச் சுற்றி முள்வேலி வந்தது, வாசலில் சோதனை வந்தது. அதற்கு மேல் நான் கதை கட்ட விரும்பவில்லை.

கடைசிக் கேள்வி, வைத்துக்கொள்ளலாமா? கண்டெடுத்தவருக்கே சொந்தம் என்பது கோலி விளையாட்டுச் சட்டம். நம் தண்டனைச் சட்டத்தின் 403-ஆம் பிரிவு வேறு மாதிரிச் சொல்கிறது: உரிமையாளரைத் தேட நியாயமான முயற்சி எதுவும் செய்யாமல் கண்டெடுத்த பொருளைத் தனதாக்கிக்கொண்டால் குற்றம். இதற்கு மேல், 1957-ஆம் ஆண்டுப் புதையல் சட்டத்தை நீக்கிவிட்டு வந்த 2005-ஆம் ஆண்டு தேசிய மரபுடைமைச் சட்டம் இருக்கிறது. மரபுச் சிறப்பு உள்ளதாகத் தோன்றும் பொருள் கிடைத்தால் மாவட்ட அதிகாரிக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது அதில் உண்டு. நிலமும் உங்களுடையது இல்லை, தோட்ட நிர்வாகத்தினுடையது. ஆகவே மாவட்ட அலுவலகத்துக்கு ஒரு கடிதம், தோட்ட அலுவலகத்துக்கு ஒரு நகல், இரண்டிலும் பெற்றுக்கொண்டதற்கான முத்திரை. பிறகு கோயில் கமிட்டிக்குச் சொல்லுங்கள். அந்த லயத்தில் இருந்த குடும்பங்கள் எங்கெங்கே சிதறியிருக்கின்றன என்பது எந்த அலுவலகத்தையும்விட அவர்களுக்குத்தான் தெரியும். ஆடிப் பூசைக்கு ஆண்டுதோறும் வருகிறவர்கள் அவர்கள்தானே. அதுவரை உருக்கவும் வேண்டாம், வளையத்தை மாற்றவும் வேண்டாம். காய்ந்த துணியில் சுற்றி, டப்பாவைத் தனியாகவும் பதக்கத்தைத் தனியாகவும் வையுங்கள். பித்தளைப் பச்சை மறுபடி ஏறவேண்டாம்.

யாராவது "அது எங்கள் பாட்டியுடையது" என்று வந்தால் எப்படி நம்புவது என்றீர்கள். அதற்காகத்தான் உங்கள் கடிதத்தை அச்சுக்குக் கொடுக்கும்போது ஒரு விவரத்தை நான் எடுத்துவிட்டேன். பதக்கத்தின் பின்பக்கத்தில் மூன்று தழும்பைத் தவிர வேறொன்றும் இருக்கிறது. நீங்களும் நானும் பார்த்தோம். தெரிந்தவர்கள் அதைத் தாங்களாகவே சொல்வார்கள்.

கேள்வி: அம்மாச்சி போட்டிருந்த தண்டட்டி இரண்டையும் விற்கப் போனோம். தராசில் நின்ற எடையில் பாதிக்குக்கூடக் கடைக்காரர் விலை சொல்லவில்லை. ஏமாற்றுகிறாரா?

- ஒரு வாசகர், தாப்பா

பதில்: எடையைக் குறைத்தது சரி, எவ்வளவு குறைத்தார் என்பதுதான் கேள்வி. தண்டட்டியும் பாம்படமும் பார்க்கத்தான் கட்டி, உள்ளே அரக்கு. மெல்லிய பொன் தகட்டை உருண்டையும் கட்டமுமாக மடித்து, நசுங்காமல் இருக்க உள்ளே அரக்கை ஊற்றி நிரப்புவார்கள். இல்லாவிட்டால் காது தாங்காது. கடைக்காரர் கண்மதிப்பில் பாதி என்று சொல்லியிருந்தால் ஒத்துக்கொள்ளாதீர்கள். உங்கள் கண்முன் அரக்கை எடுத்துவிட்டுத் தகட்டை மட்டும் நிறுத்தச் சொல்லுங்கள். வீட்டில் நெருப்பில் காட்டி நீங்களே எடுக்க முயலவேண்டாம், உருகிய அரக்கு தெறித்தால் கண் போய்விடும்.

ஆனால் அரக்கை எடுத்துவிட்டால் தண்டட்டி அதோடு முடிந்தது, வெறும் தகடுதான். எழுபதுகளில் எத்தனையோ அம்மாச்சிகள் பேத்தி கல்யாணத்துக்கு நெக்லஸ் செய்யச் சொல்லித் தண்டட்டியைக் கழற்றி என் அப்பாவிடம் கொடுத்ததைப் பார்த்திருக்கிறேன். சிலர் தொங்கும் காதையும் ஆஸ்பத்திரியில் தைத்துக்கொண்டார்கள். இரண்டில் ஒன்றையாவது வைத்துக்கொள்ள முடியுமா என்று வீட்டில் பேசிப் பாருங்கள். முடியாது என்றால் உருக்குங்கள், அதில் பாவம் ஒன்றும் இல்லை.

கேள்வி: தாத்தாவின் இடுப்பு வாரில் கோத்திருந்த ஸ்ட்ரெய்ட்ஸ் டாலர் மூன்று கிடைத்தன: 1903, 1907, 1920. இந்த வெள்ளிக் காசு எத்தனை வெள்ளி பெறும்?

- ஒரு வாசகர், சுங்கை சிப்புட்

பதில்: கேள்வியிலேயே சிலேடை வைத்துவிட்டீர்கள். ரிங்கிட்டையும் வெள்ளி என்று சொல்லும் நம் ஊரில் மட்டும்தான் இப்படிக் கேட்க முடியும்.

மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், வரவர இளைத்திருக்கும். 1903-இல் வந்த டாலர் 26.95 கிராம், 1907-இல் வந்தது 20.21 கிராம், இரண்டிலும் பத்தில் ஒன்பது பங்கு வெள்ளி. 1920-இல் உள்ளது 16.85 கிராம், அதிலும் பாதிதான் வெள்ளி. உலகச் சந்தையில் வெள்ளி விலை ஏற ஏற, காசை உருக்கி விற்றால் டாலரைவிட அதிகம் கிடைக்கும் என்று ஆனது. அதைத் தடுக்கக் காசையே இளைக்க வைத்தார்கள். ஆகவே விற்பதானால் மூன்றையும் ஒரே கூறாகக் கட்டிக் கொடுக்காதீர்கள். முதல் காசில் இருக்கும் வெள்ளி, கடைசிக் காசில் இருப்பதைப்போல் மூன்று மடங்கு அளவுக்கு வரும். கோப்பதற்குத் துளை போட்டிருந்தால் காசு சேர்ப்பவர்கள் விலையைக் குறைப்பார்கள், அதற்கு வருத்தப்பட்டுப் பயனில்லை. தேய்த்துப் பளபளப்பாக்கினாலும் அதே கதிதான்.

கேள்வி: கோலகங்சார் பக்கம் பழைய துரை பங்களா இருந்த மேட்டில் புல் வெட்டும்போது ஒரு மோதிரம் அகப்பட்டது. உட்பக்கம் சின்னதாக ஒரு நங்கூரம், 15, .625, பிறகு ஓர் ஆங்கில எழுத்து. கப்பல்காரர் மோதிரமா?

- ஒரு வாசகர், கோலகங்சார்

பதில்: கப்பலுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. நங்கூரம் இங்கிலாந்தில் பர்மிங்காம் நகரத்துப் பரிசோதனைச் சாலையின் முத்திரை. அந்த ஊரில் கடலே கிடையாது. லண்டன் என்றால் சிறுத்தைத் தலை இருக்கும், செஸ்டர் என்றால் மூன்று கதிர்க்கட்டும் ஒரு வாளும்.

உங்களுக்கு அதிர்ஷ்டம் அந்த 15-இல் இருக்கிறது. 15 காரட் தங்கம் இங்கிலாந்தில் 1854-இல் அனுமதிக்கப்பட்டு, 1932-இல் நிறுத்தப்பட்டது. அதற்குப் பதிலாக 14 காரட் வந்தது. எனவே மோதிரம் 1932-க்குப் பிறகு செய்தது இல்லை. எந்த ஆண்டு என்பதை அந்த எழுத்து சொல்லும், ஆனால் எழுத்தை மட்டும் எழுதி அனுப்பினால் போதாது. அகரவரிசை முடிந்ததும் அதே எழுத்து வேறு அச்சுருவில், வேறு கட்டத்துக்குள் திரும்பத் திரும்ப வரும். மோதிரத்தின் உட்பக்கத்தில் துளி டால்கம் பவுடரைத் தூவித் துடைத்துவிட்டால் குழிகளில் மட்டும் வெள்ளை தங்கும். பக்கவாட்டு வெளிச்சத்தில், எழுத்தைச் சுற்றியுள்ள கட்டத்தின் மூலைகளும் தெரியும்படி படம் எடுத்து அனுப்புங்கள். உட்பக்கத்தில் கையால் கீறிய பெயரோ தேதியோ இருந்தால் அதையும் எடுங்கள், ஆனால் அந்தப் படத்தை ஊருக்கெல்லாம் காட்டவேண்டாம். ஏன் என்று மேலே சுங்கை சிப்புட் அம்மாவுக்குச் சொல்லியிருக்கிறேன்.